மறுசேர்க்கை உயிரினங்களில் வேறுபாட்டை எப்படி உண்டாக்குகிறது?

கேட்கப்பட்ட கேள்வியின் சாரம் இது: டிஎன்ஏவில் புதிய வடிவங்களைத் தோற்றுவிப்பது சடுதிமாற்றம்தான் என்றால், மரபணு மறுசேர்க்கையையும் வேறுபாட்டின் ஊற்றுக்கண் என்று பாடநூல்கள் ஏன் சொல்கின்றன? ஏற்கெனவே இருப்பதைக் கலைத்து அடுக்குவதால் ஓர் இனக்கூட்டத்தில் புதிதாக என்ன வந்துவிடும்? கேள்வி நியாயமானது. பல பாடநூல்கள் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுவதால் எழும் குழப்பம் இது. ஒவ்வொரு சடுதிமாற்றமும் ஏதோ ஒரு குரோமோசோமில், அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் எண்ணற்ற பிற வடிவங்களின் நடுவில் பிறக்கிறது. மறுசேர்க்கை இல்லையென்றால் அது அந்த அண்டை அயலோடேயே கடைசிவரை வாழ்ந்து, அவற்றோடேயே அழிய வேண்டும். அதைப் பிறந்த இடத்துத் துணையிலிருந்து பிரித்து, வேறு துணைகளோடு சேர்த்துவைப்பது மறுசேர்க்கை. இயற்கைத் தேர்வு பார்ப்பது முழு உடலை. எழுத்து எழுத்தாக அது டிஎன்ஏவைப் படிப்பதில்லை. ஆகவே சேர்க்கை மாறும்போது, தேர்வுக்குக் கிடைக்கும் வேறுபாடும் மாறுகிறது. இதை விளங்கிக்கொள்ள, முதலில் செல்லுக்குள் நடப்பதையும் பிறகு இனக்கூட்டத்தில் நடப்பதையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் பெரும்பாலான தடுமாற்றங்களுக்குக் காரணம்.

எளிய பகுதியை முதலில் முடித்துவிடலாம். மனிதரின் உடல் செல்லில் 23 இணை குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வந்தவை. விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும் குன்றல் பகுப்பின்போது, ஒவ்வோர் இணையிலிருந்தும் ஒன்று மட்டுமே இனச்செல்லுக்குள் போகிறது. எந்த இணையில் எது போகிறது என்பது பிற இணைகளைப் பொறுத்ததில்லை. இரண்டை 23 முறை பெருக்கினால் 83,88,608 வகை இனச்செல்கள் கிடைக்கும். தாய், தந்தை இருவர் பக்கத்தையும் பெருக்கினால் ஒரே பெற்றோருக்குப் பிறக்கக்கூடிய பிள்ளைகளின் வகை 70 லட்சம் கோடியைத் தாண்டுகிறது. உடன்பிறந்தவர்கள் ஏன் ஒன்றுபோல இருப்பதில்லை என்ற கேள்விக்கு இந்தக் கணக்கே போதும் என்று பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் இந்தக் கணக்கு முழு குரோமோசோம்களை மட்டுமே கலைக்கிறது. இது மட்டும்தான் நடந்திருந்தால் ஒவ்வொரு குரோமோசோமும் ஒட்டப்பட்ட ஒரே கட்டாக, தலைமுறை தலைமுறையாக உள்ளே ஏதும் இடம் மாறாமல் போய்க்கொண்டிருக்கும். ஒரு கட்டில் நல்ல வடிவம் ஒன்றும் கெட்ட வடிவம் ஒன்றும் இருந்தால் இரண்டையும் பிரிக்கவே வழியிருக்காது. அந்தக் கட்டை அவிழ்ப்பது, இணை குரோமோசோம்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் குறுக்கேற்றம்.

குறுக்கேற்றம் என்று ஒன்று இருப்பதை மனிதர் முதலில் கண்டது பொருந்தாத ஓர் எண்ணிக்கையின் வழியாகத்தான். 1905-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வில்லியம் பேட்சன், எடித் சாண்டர்ஸ், ரெஜினால்டு பன்னெட் ஆகியோர் இனிப்புப் பட்டாணிச் செடியில், ஊதா நிறப் பூவும் நீள்வடிவ மகரந்தமும் கொண்ட செடியை, சிவப்பு நிறப் பூவும் உருண்டை மகரந்தமும் கொண்ட செடியோடு கலந்தனர். முதல் தலைமுறை முழுவதும் ஊதா, நீளம். இரண்டாம் தலைமுறையில் 6,952 செடிகளை எண்ணினார்கள். மெண்டலின் விதிப்படி இரு பண்புகளும் சார்பின்றி ஒதுங்கியிருந்தால் ஊதா-நீளம் 3,910 அளவிலும், ஊதா-உருண்டையும் சிவப்பு-நீளமும் தலா 1,303 அளவிலும், சிவப்பு-உருண்டை 435 அளவிலும் வந்திருக்க வேண்டும். வந்தவையோ முறையே 4,831, 390, 393, 1,338. இந்த நான்கு எண்களைச் சற்று நிதானமாகப் பாருங்கள். பாட்டன் பாட்டியிடம் சேர்ந்திருந்த இணைகள் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். ஆனால் பிரிந்து மாறிச் சேர்ந்த இணைகள் அற்றுப்போகவும் இல்லை. பண்புகள் முழுவதும் சுதந்திரமாகவும் இல்லை, முழுவதும் பூட்டப்பட்டும் இல்லை. சிவப்பு-உருண்டைச் செடிகளின் விகிதத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், ஏறத்தாழ 12 சதவீத இனச்செல்களில் பழைய சேர்க்கை உடைந்து புதியது உருவாகியிருந்தது என்று தெரிகிறது. பேட்சன் குழுவினருக்கு இதன் காரணம் பிடிபடவில்லை.

காரணத்தைச் சொன்னவர் தாமஸ் ஹண்ட் மார்கன். பழ ஈக்களில் ஆய்வு செய்த அவர், ஒரே குரோமோசோமில் அமர்ந்திருக்கும் மரபணுக்கள் சேர்ந்தே பயணிக்கும் என்றும், இணை குரோமோசோம்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும்போது மட்டும் அவை பிரியும் என்றும் 1911-இல் விளக்கினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஃபிரான்ஸ் யான்சென்ஸ், குன்றல் பகுப்பில் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடும் கயாஸ்மா என்னும் புள்ளிகளை விவரித்து, அங்கே பரிமாற்றம் நடக்கிறது என்று கருதியிருந்தார். மாணவனாக இருந்தபோது வெட்டுக்கிளியின் விந்தகத்தைச் சாயமேற்றி நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்த நாள் எனக்கு இன்றும் மறக்கவில்லை. நூல் நூலாகக் கிடக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில், சில இணைகள் சிலுவை வடிவிலும் சில வளையம் போலவும் கிடந்தன. சிலுவையில் ஒரு கயாஸ்மா, வளையத்தில் இரண்டு. பாடத்தில் கோடு கிழித்துப் படித்த மறுசேர்க்கை அங்கே கறுத்த குறுக்குத் தடங்களாகக் கண்ணெதிரே நின்றது. உயிரியல் படிக்கும் எவரும் ஒருமுறையேனும் இதை நேரில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பார்த்தபின் இந்தப் பாடம் மனப்பாடமாக இருப்பதில்லை.

கயாஸ்மாவில் உண்மையிலேயே பொருள் இடம் மாறுகிறது என்பதற்கான நேரடிச் சான்று 1931-இல் வந்தது. ஹாரியட் கிரெய்ட்டனும் பார்பரா மெக்கிளின்டாக்கும் மக்காச்சோளத்தின் ஒன்பதாம் குரோமோசோமில், ஒரு முனையில் குமிழ் போன்ற தடிப்பும் மறுபுறம் வேறொரு குரோமோசோமிலிருந்து வந்து ஒட்டிய துண்டும் கொண்ட வகையைப் பயன்படுத்தினார்கள். இரண்டு அடையாளங்களையும் நுண்ணோக்கியில் பார்க்க முடியும். விதையின் நிறமும் மாவுப்பொருளின் தன்மையும் புதிய சேர்க்கையில் வந்த செடிகளில், குமிழும் ஒட்டுத் துண்டும்கூடப் பிரிந்திருந்தன. அதே ஆண்டில் கர்ட் ஸ்டெர்ன் பழ ஈயில் இதே முடிவைக் காட்டினார்.

மூலக்கூறு அளவில் இந்தப் பரிமாற்றம் தொடங்கும் விதம் வியப்பானது: செல் தன் டிஎன்ஏவைத் தானே வெட்டிக்கொள்கிறது. ஸ்போ11 என்னும் புரதம் இரட்டை இழையின் இரண்டு இழைகளையும் துண்டிக்கிறது. சாதாரண செல்லில் இப்படி ஒரு வெட்டு விழுந்தால் அது ஆபத்து. குன்றல் பகுப்பிலோ செல் திட்டமிட்டு, பாலூட்டிகளில் நூற்றுக்கணக்கான இடங்களில், இதைச் செய்கிறது. வெட்டுண்ட முனைகள் சற்றே அரிக்கப்பட்டு ஒற்றை இழைகளாக நீள்கின்றன. அந்த இழை, இணை குரோமோசோமில் தனக்கு ஒத்த எழுத்துவரிசையைத் தேடிச் சென்று உள்ளே நுழைந்து, அதை அச்சாக வைத்துத் தன் காயத்தை நிரப்பிக்கொள்கிறது. அப்போது உருவாகும் நான்கு கை சந்திப்பை, 1964-இல் அதை முன்மொழிந்த ராபின் ஹாலிடேயின் பெயரால் அழைக்கிறோம். சந்திப்பு அறுக்கப்படும் விதத்தைப் பொறுத்து, குரோமோசோமின் நீண்ட கைகளே இடம் மாறலாம், அது குறுக்கேற்றம். அல்லது ஒரு சிறு துண்டின் எழுத்துகள் மட்டும் இணையிலிருந்து படியெடுக்கப்பட்டு, மற்றவை இருந்தபடியே இருக்கலாம். அது மரபணு மாற்றீடு. பெரும்பாலான வெட்டுகள் குறுக்கேற்றமாக முடிவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மனித விந்தணு ஒன்றில் சராசரியாக 26 அளவிலும், கருமுட்டையில் 40 அளவிலும் மட்டுமே குறுக்கேற்றத்தின் தடங்கள் இருக்கின்றன.

இவ்வளவு ஆபத்தான வேலையைச் செல் ஏன் செய்கிறது? எதிர்காலத் தலைமுறைகளின் வேறுபாட்டுக்காக என்று சொல்வது தவறான பதில். செல்லுக்கு எதிர்காலம் தெரியாது. உடனடிக் காரணம் ஒன்று உண்டு. இணை குரோமோசோம்கள் இரண்டும் சரியாக எதிரெதிர் முனைகளுக்கு இழுக்கப்பட வேண்டுமானால், அதுவரை அவை ஒன்றோடொன்று பிணைந்திருக்க வேண்டும். அந்தப் பிணைப்பைத் தருவது கயாஸ்மா. மனிதரில் குறுக்கேற்றம் நடக்காமல் போன, அல்லது பொருந்தாத இடத்தில் நடந்த இணைகள் தவறாகப் பிரிய வாய்ப்பு அதிகம். டவுன் நோய்க்குறிக்குக் காரணமான கூடுதல் 21-ஆம் குரோமோசோம் வருவதற்கு இதுவும் ஒரு வழி. ஆயினும் இந்தத் தேவை எங்கும் ஒரே மாதிரி இல்லை. பழ ஈயின் ஆணில் குறுக்கேற்றமே நடப்பதில்லை. பட்டுப்பூச்சியில் பெண்ணில் நடப்பதில்லை. அவை வேறு ஏற்பாடுகளால் குரோமோசோம்களைப் பிரித்துக்கொள்கின்றன.

வெட்டு எங்கே விழும் என்பதும் சீரானதில்லை. மனிதரிலும் எலியிலும் பிஆர்டிஎம்9 என்னும் புரதம் டிஎன்ஏவின் குறிப்பிட்ட எழுத்துத் தொடர்களைப் பற்றிக்கொண்டு, இங்கே வெட்டு என்று அடையாளம் இடுகிறது. இதை 2010-இல் கண்டறிந்தார்கள். அதனால் குறுக்கேற்றங்கள் ஓரிரு ஆயிரம் எழுத்துகள் நீளமே உள்ள சிறு சிறு இடங்களில் குவிகின்றன. நடுவே உள்ள நீண்ட பகுதிகள் பெரும்பாலும் உடையாமல் ஒரே கட்டாகக் கடத்தப்படுகின்றன. தொலைவு கூடக்கூடப் பிரியும் வாய்ப்பும் கூடும் என்ற மார்கனின் கருத்தை வைத்து அவருடைய மாணவர் ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்ட் 1913-இல் முதல் மரபணு வரைபடத்தைத் தயாரித்தார். நூறு இனச்செல்களில் ஒன்றில் பிரியும் தொலைவை இன்று ஒரு சென்டிமார்கன் என்கிறோம். மனிதரில் சராசரியாக அது பத்து லட்சம் எழுத்துகளுக்கு ஏறக்குறைய ஒன்று.

இனி இனக்கூட்டத்துக்கு வருவோம். கேள்வியின் முள் இங்கேதான் இருக்கிறது. கேட்டவர் சந்தேகித்தது ஒரு வகையில் முற்றிலும் உண்மை: மறுசேர்க்கை எந்த அல்லீலின், அதாவது ஒரு மரபணுவின் மாற்று வடிவத்தின், விகிதத்தையும் மாற்றுவதில்லை. ஒரு வடிவம் இனக்கூட்டத்தில் 30 சதவீதம் இருந்தால், எவ்வளவு குறுக்கேற்றம் நடந்தாலும் அது 30 சதவீதமாகவே இருக்கும். மாறுவது, எந்த வடிவம் எந்த வடிவத்தோடு சேர்ந்து காணப்படுகிறது என்பது மட்டும். இது சிறிய மாற்றம் போலத் தோன்றும். ஆகவே ஓர் எளிய கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஒற்றைக் குரோமோசோம் தொகுதியோடு வாழும் ஓர் உயிரியை எடுத்துக்கொள்வோம். அதன் உயரத்தை இரண்டு மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. ஒவ்வொன்றிலும் உயரத்தை ஓர் அலகு கூட்டும் வடிவம் ஒன்று, கூட்டாத வடிவம் ஒன்று. இனக்கூட்டத்தில் பாதிப்பேர் முதல் மரபணுவில் கூட்டும் வடிவத்தையும் இரண்டாவதில் கூட்டாத வடிவத்தையும் கொண்டிருக்கிறார்கள். மீதிப்பேர் இதற்கு நேர்மாறு. அனைவரின் உயரமும் ஒன்றுதான்: ஓர் அலகு. அளவுகோலோடு போகும் ஆய்வாளர், இந்த இனக்கூட்டத்தில் உயரத்தில் வேறுபாடே இல்லை என்று எழுதிவிட்டுத் திரும்புவார். இப்போது இவை கலந்து இனப்பெருக்கம் செய்து, மறுசேர்க்கை போதிய தலைமுறைகள் நடக்கட்டும். நான்கு சேர்க்கைகளும் சம அளவில் வரும்: கால்பங்குக்கு உயரம் இரண்டு, கால்பங்குக்குச் சுழியம், அரைப்பங்குக்கு ஒன்று. எந்த அல்லீலும் புதிதாக வரவில்லை. எந்த அல்லீலின் விகிதமும் 50 சதவீதத்திலிருந்து இம்மியும் நகரவில்லை. ஆனால் இல்லாதிருந்த வேறுபாடு இப்போது இருக்கிறது. முன்னோர் எவரும் எட்டாத உயரத்தில் சிலர் நிற்கிறார்கள். உயரமானவர்களுக்குச் சாதகமான சூழல் வந்தால், முன்பு தேர்ந்தெடுக்க ஏதுமில்லாத இயற்கைத் தேர்வுக்கு இப்போது கைக்கு எட்டும் வேறுபாடு கிடைத்துவிட்டது. மறைந்து கிடந்த வேறுபாட்டை வெளிக்கொணர்வது என்று மரபியலாளர்கள் சொல்வது இதைத்தான்.

இந்தக் கணக்கைத் தலைகீழாகவும் போட வேண்டும். இல்லாவிட்டால் பாதி உண்மையோடு நின்றுவிடுவோம். தொடக்கத்தில் பாதிப்பேர் இரண்டு கூட்டும் வடிவங்களையும், மீதிப்பேர் இரண்டு கூட்டாத வடிவங்களையும் கொண்டிருந்தால், உயரங்கள் இரண்டும் சுழியமுமாக இரு துருவங்களில் நிற்கும். மறுசேர்க்கைக்குப் பிறகு அரைப்பங்கு நடுவில் வந்து குவியும். வேறுபாட்டின் அளவு பாதியாகக் குறையும். ஆகவே மறுசேர்க்கை எப்போதும் வேறுபாட்டைக் கூட்டுகிறது என்று எழுதுவது பிழை. சேர்க்கைகளில் உள்ள ஒழுங்கை அது கலைக்கிறது என்பதே துல்லியமான கூற்று. எதிரெதிர் விளைவுடைய வடிவங்கள் ஒரே குரோமோசோமில் சிக்கியிருக்கும் நிலைதான் இயற்கையில் அதிகம் ஏற்படுகிறது என்பதற்குக் காரணங்கள் உண்டு. தேர்வு நடுத்தர உடல்களை ஆதரிக்கும் இடங்களில் ஒன்றையொன்று ஈடுசெய்யும் சேர்க்கைகளே நிலைக்கும்; நல்லவை அனைத்தும் சேர்ந்த குரோமோசோம்கள் விரைவில் பரவி நிலைத்துவிட, கெட்டவை அனைத்தும் சேர்ந்தவை அழிந்துவிட, எஞ்சி நிற்பவை கலப்பானவையே. அதனால்தான் நடைமுறையில் மறுசேர்க்கை பெரும்பாலும் வேறுபாட்டைக் கூட்டும் பக்கமே சாய்கிறது.

இந்தக் கலைப்பு எவ்வளவு வேகமாக நடக்கும்? வெவ்வேறு குரோமோசோம்களில் உள்ள இரு மரபணுக்களுக்கு இடையிலான இணக்கம், அதாவது அவற்றின் குறிப்பிட்ட வடிவங்கள் சேர்ந்தே காணப்படும் போக்கு, ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகும். பத்துத் தலைமுறையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட எஞ்சாது. ஒரு சென்டிமார்கன் தொலைவில் இருப்பவற்றின் இணக்கம் பாதியாக 69 தலைமுறைகள் வேண்டும். பத்தாயிரம் எழுத்துகளே இடைவெளி உள்ள இரு மனித டிஎன்ஏ இடங்களுக்குச் சராசரி விகிதத்தில் கணக்கிட்டால் ஏறக்குறைய 6,900 தலைமுறைகள். தலைமுறைக்கு 25 ஆண்டு என்று கொண்டால் 1,70,000 ஆண்டுகளுக்கு மேல். அண்டையில் பிறந்த வடிவங்கள் இன்றும் நம் குரோமோசோம்களில் கூட்டமாகவே காணப்படுவது இதனால்தான். நோய்களோடு தொடர்புடைய மரபணுக்களைத் தேடும் ஆய்வாளர்கள், முழு மரபணுத்தொகுதியையும் படிக்காமல் சில லட்சம் அடையாளப் புள்ளிகளை மட்டும் சோதித்து அண்டையில் உள்ளதை ஊகிக்க முடிவதும் இதனால்தான்.

மறுசேர்க்கை குறைந்த இடத்தில் என்ன ஆகும் என்பதை இப்போது பார்ப்போம்; இந்தப் பதிலில் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் சான்று இங்கே இருக்கிறது. மிகுந்த பயன் தரும் ஒரு சடுதிமாற்றம் தோன்றி வேகமாகப் பரவுகிறது என்று கொள்வோம். அது தோன்றிய குரோமோசோமில் அதன் அருகில் இருந்தவை அனைத்தும், நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பாய்வதுபோல, தம் தகுதி எதுவும் இல்லாமலேயே சேர்ந்து பரவும். அந்த இடத்தில் இனக்கூட்டம் வைத்திருந்த பிற வடிவங்கள் துடைத்தெறியப்படும். ஜான் மேனார்டு ஸ்மித்தும் ஜான் ஹெய்கும் 1974-இல் இதைக் கணித வடிவில் காட்டினார்கள். இதேபோல் தீய சடுதிமாற்றம் ஒன்றைத் தேர்வு அகற்றும்போது, அதோடு ஒட்டியிருந்த நல்லவையும் சேர்ந்து போகும். இரண்டு வழியிலும் எவ்வளவு நீளமான பகுதி துடைக்கப்படுகிறது என்பது மறுசேர்க்கையைப் பொறுத்தது: அது அதிகமாக இருந்தால் அண்டையில் உள்ளவை விரைவில் பிரிந்து தப்பிக்கும்.

இது உண்மையானால், மறுசேர்க்கை குறைந்த குரோமோசோம் பகுதிகளில் வேறுபாடும் குறைவாக இருக்க வேண்டும். டேவிட் பெகனும் சார்லஸ் அக்வாட்ரோவும் 1992-இல் பழ ஈயில் இதைச் சோதித்தபோது, அப்படியேதான் இருந்தது: குறுக்கேற்றம் அதிகம் நடக்கும் பகுதிகளில் ஈக்களுக்கிடையே எழுத்து வேறுபாடு மிகுதி, அரிதாக நடக்கும் பகுதிகளில் குறைவு. இங்கே கூர்மையான வாசகர் ஓர் ஆட்சேபம் எழுப்பலாம். குறுக்கேற்றம் நடக்கும் இடங்களில் வெட்டும் ஒட்டும் நிகழ்வதால், அங்கே சடுதிமாற்றமே அதிகமாக இருக்கலாமே? அப்படியானால் அந்தப் பகுதிகள் நெருங்கிய உறவுடைய மற்றோர் ஈ இனத்திலிருந்தும் அதிகமாக விலகியிருக்க வேண்டும். ஏனெனில் இனங்களுக்கிடையே சேரும் வேறுபாடு சடுதிமாற்றத்தின் வேகத்தைக் காட்டும். அவர்கள் அதையும் பார்த்தார்கள்; அந்த விலகலுக்கும் குறுக்கேற்ற விகிதத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. புதிய வடிவங்கள் எங்கும் ஒரே வேகத்தில்தான் பிறந்துகொண்டிருந்தன. மறுசேர்க்கை குறைந்த இடங்களில் அவை இனக்கூட்டத்தில் தங்க முடியாமல் போயின. கேள்வி கேட்டவருக்கு நான் ஒரே ஒரு சான்றைத்தான் காட்ட முடியும் என்றால் இதைத்தான் காட்டுவேன். சடுதிமாற்றம் வேறுபாட்டைப் பிறப்பிக்கிறது என்பதும், அது இனக்கூட்டத்தில் தங்குவதற்கு மறுசேர்க்கை வேண்டும் என்பதும் இந்த ஒரே ஆய்வில் பிரிந்து தெரிகின்றன.

இதே கதையின் கடைசிக் கட்டத்தை மனிதரின் ஒய் குரோமோசோமில் பார்க்கலாம். அதன் இரு முனைகளில் உள்ள சிறு பகுதிகள் மட்டுமே எக்ஸ் குரோமோசோமோடு பரிமாறிக்கொள்கின்றன. மற்றவை துணையின்றித் தந்தையிலிருந்து மகனுக்கு அப்படியே போகின்றன. ஒரு காலத்தில் எக்ஸோடு ஒத்த இணையாக இருந்த அது, இன்று தன் மரபணுக்களில் மிகப் பெரும்பகுதியை இழந்து நிற்கிறது. மறுசேர்க்கை இல்லாத இனவரிசையில் தீய சடுதிமாற்றங்கள் பற்சக்கரம்போல ஒரு திசையிலேயே ஏறும், இறங்காது என்று ஹெர்மன் முல்லர் 1964-இல் சொன்னது இதற்குப் பொருந்துகிறது: பழுது மிகக் குறைந்த பிரதி தற்செயலாக ஒருமுறை அழிந்துவிட்டால், பழுதுள்ள இரண்டு பிரதிகளை வெட்டி ஒட்டிப் பழுதில்லாத ஒன்றை மீட்க வழியில்லை.

நல்லவற்றுக்கும் இதே நெருக்கடி உண்டு. பாலிலா இனப்பெருக்கம் செய்யும் கூட்டத்தில் இரண்டு பயனுள்ள சடுதிமாற்றங்கள் வெவ்வேறு உயிரிகளில் தோன்றினால், அவை ஒன்றையொன்று போட்டியில் வீழ்த்த வேண்டியதுதான். இரண்டும் ஒரே உடலில் சேர வேண்டுமானால் ஒன்று பரவிய பிறகு மற்றது அதே வரிசையில் மறுபடி தோன்ற வேண்டும். ரொனால்டு ஃபிஷரும் முல்லரும் 1930-களின் தொடக்கத்திலேயே சொன்ன இதை, 2016-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஈஸ்டில் நேரில் காட்டினார்கள். பால்முறையில் கலந்த கூட்டங்களும் கலவாத கூட்டங்களும் ஏறத்தாழ ஆயிரம் தலைமுறைகள் வளர்க்கப்பட்டன. கலந்தவை விரைவாகத் தகவமைந்தன. கலவாதவற்றில் நல்ல சடுதிமாற்றங்களின் முதுகில் ஏறித் தீயவையும் நிலைபெற்றன. கலந்தவற்றில் அவை பிரிக்கப்பட்டு உதிர்ந்தன.

மறுசேர்க்கை இருப்பதை அடுக்கும், புதியதை எழுதாது என்று இதுவரை சொன்னதற்கு விதிவிலக்குகள் உண்டு. குறுக்கேற்றம் ஒரு மரபணுவின் நடுவிலேயே விழுந்தால், அதன் முன்பாதி ஒரு வடிவத்திலிருந்தும் பின்பாதி வேறு வடிவத்திலிருந்தும் வந்து, முன்பு எவரிடமும் இல்லாத அல்லீல் உருவாகும். இன்னும் பெரிய விளைவைத் தருவது சமமற்ற குறுக்கேற்றம். மனிதரின் எக்ஸ் குரோமோசோமில் சிவப்பு, பச்சை ஒளியை உணரும் நிறமிகளின் மரபணுக்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டும் எழுத்துக்கு எழுத்து மிகவும் ஒத்தவை என்பதால், இணை சேரும்போது ஒன்று மற்றொன்றோடு தவறாகப் பொருந்திவிடலாம். அந்த நிலையில் குறுக்கேற்றம் நடந்தால் ஒரு குரோமோசோமில் ஒரு மரபணு கூடுதலாகவும், மற்றொன்றில் ஒன்று குறைவாகவும், சில வேளைகளில் பாதி சிவப்பும் பாதி பச்சையுமான கலப்பு மரபணுவும் வரும். சிவப்பு-பச்சை நிறக்குருடு ஆண்களிடையே இவ்வளவு பரவலாக இருப்பதற்கு முதன்மைக் காரணம் இதுதான். ஆனால் அந்த இரண்டு மரபணுக்களும் முதலில் உண்டானதே ஒரு பழைய மரபணு இரட்டிப்பானதால்தான். கூடுதலாகக் கிடைத்த பிரதி பழைய வேலையிலிருந்து விடுபட்டு, சடுதிமாற்றங்களைச் சேர்த்துப் புது வேலைக்குப் பழகுகிறது. இன்று நோயாகத் தெரிவதும் அன்று புது நிறத்தைக் காட்டியதும் ஒரே வகை நிகழ்வு.

குன்றல் பகுப்பே இல்லாத உயிர்களிலும் மறுசேர்க்கை உண்டு. பாக்டீரியாக்கள் இறந்த அண்டைச் செல்லின் டிஎன்ஏவை உள்வாங்கித் தம் குரோமோசோமில் இணைத்துக்கொள்ளும். ஃபிரெடரிக் கிரிஃபித் 1928-இல் நியூமோகாக்கஸில் கண்ட மாற்றம் இதுவே. ஜோஷுவா லெடர்பெர்க்கும் எட்வர்டு டேட்டமும் 1946-இல், ஈ. கோலை செல்களுக்கிடையே மரபணுக்கள் கடத்தப்பட்டு மறுசேர்வதைக் காட்டினார்கள். பெனிசிலினுக்கு அடங்காத நியூமோகாக்கஸ் வகைகளில், மருந்து குறிவைக்கும் புரதத்தின் மரபணு, உறவுடைய பிற பாக்டீரியாக்களிடமிருந்து வந்த துண்டுகள் பதிந்த ஒட்டுவேலையாக இருக்கிறது. வைரஸ்களிலும் கலப்பு நடக்கிறது. இன்ஃப்ளுயன்சாவின் மரபணுத்தொகுதி எட்டுத் தனித் துண்டுகளால் ஆனது. ஒரே செல்லில் இரண்டு வகைகள் நுழைந்தால் துண்டுகள் கலந்து புதுத் தொகுப்பு வெளிவரும். 1957-இல் பெருந்தொற்றை உண்டாக்கிய வைரஸில் மூன்று துண்டுகள் பறவைக் காய்ச்சல் வைரஸிலிருந்து வந்தவை, ஐந்து ஏற்கெனவே மனிதரிடம் சுற்றிக்கொண்டிருந்தவை. கண்டிப்பாகப் பார்த்தால் இது இழை வெட்டி ஒட்டும் மறுசேர்க்கை இல்லை, துண்டு மாற்றம்தான். ஆனால் இனக்கூட்டத்தில் அதன் விளைவு ஒன்றே.

கலைப்பதால் நன்மை என்றால், நன்றாக அமைந்த சேர்க்கைகளையும் அது கலைத்துவிடுமே என்ற கேள்வி எஞ்சுகிறது. கலைக்கத்தான் செய்யும், அதனால்தான் சில இடங்களில் மறுசேர்க்கையைத் தடுக்கும் அமைப்புகளையே தேர்வு நிலைநிறுத்தியிருக்கிறது. குரோமோசோமின் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பிவிட்டால், திரும்பாத இணையோடு அது சரியாகப் பரிமாற முடியாது. உள்ளே உள்ள மரபணுக்கள் எல்லாம் ஒரே கட்டாகப் பூட்டப்படும். ரஃப் எனப்படும் உள்ளான் வகைப் பறவையில் இதன் தெளிவான எடுத்துக்காட்டு இருக்கிறது. அதன் ஆண்களில் மூன்று வகை: கழுத்தைச் சுற்றிப் பெரும்பாலும் கருமையான இறகுக் கட்டோடு இடம் பிடித்துப் போராடுபவை, வெளிர் இறகுகளோடு, இடம் பிடிக்காமல், போராடுபவற்றை ஒட்டி நிற்பவை, பெண்ணைப் போலவே தோன்றி நுழைந்துவிடும் மிக அரிதானவை. ஏறத்தாழ 38 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு குரோமோசோம் பகுதி தலைகீழானது. நூற்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் அதில் பூட்டப்பட்டன. தோற்றம், நடத்தை, ஹார்மோன் அளவு எல்லாம் ஒரே கட்டாகக் கடத்தப்படுவது அதனால்தான். பெண்போல் தோன்றும் ஆண்கள் அந்தப் பழைய பூட்டப்பட்ட கட்டைச் சுமக்கின்றன. வெளிர் இறகு ஆண்களின் கட்டோ அதிலிருந்து வேறுபட்டது: அதன் சில பகுதிகள் திரும்பியும், சில பகுதிகள் திரும்பாத சாதாரணக் குரோமோசோமை ஒத்தும் இருக்கின்றன. சுமார் 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பூட்டப்பட்டிருந்த அந்தப் பகுதிக்கும் அதன் இணைக்கும் இடையே மிக அரிதாக நேர்ந்த மறுசேர்க்கையால் உண்டானது அது. பூட்டு 30 லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்துவைத்த இரண்டு வகைகளோடு, அப்படிப் பிறந்ததுதான் மூன்றாவது வகை ஆண்.